டர்போவை மாற்ற முன் எஞ்சினின் மூச்சைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். என்னிடம் 2018ஆம் ஆண்டு ஜப்பான் கார், 1.0 லீற்றர் மூன்று சிலிண்டர் டர்போ, டிரெக்ட் இன்ஜெக்ஷன். மாதம் ஒன்றிரண்டு தடவை வேலை விஷயமாகக் கொழும்பு போய்வருவேன், மற்றப்படி டவுனுக்குள் சின்னச் சின்ன ஓட்டம்தான். கொஞ்ச காலமாக ஒயில் குறைகிறது. எஞ்சினின் பின்பக்கக் கிராங்க் சீல் ஒழுகுகிறது என்று கியர்பொக்ஸை இறக்கி மாற்றினோம், மூன்று மாதத்தில் திரும்பவும் அதே இடத்தில் ஈரம். இப்போது, டர்போ அனுப்பும் காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஒயில். ஒரு கராஜில் டர்போ போய்விட்டது, ரீகண்டிஷன் டர்போ போடவேண்டும் என்கிறார்கள். இன்னொரு பாஸ், எஞ்சினின் மேல்மூடியான டெப்பட் கவரில் இருந்து போகும் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, ஒரு சின்ன பில்டரை மாட்டி வெளியே விட்டால் எல்லாம் சரி என்கிறார். நண்பன், அந்த ஹோஸில் வரும் ஒயில் ஆவியைப் பிடித்துவைக்கும் கெச் கான் என்ற டப்பாவைப் போடச் சொல்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, டர்போவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது டர்போ இல்லை, மூன்று மாதத்தில் திரும்ப ஒழுகிய அந்தச் சீல்தான். புதுச் சீல் அவ்வளவு சீக்கிரம் போகாது. கோணலாக இறங்கியிருக்கலாம், ஷாஃப்டில் சீல் உட்காரும் இடம் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கலாம், அதெல்லாம் நடக்கிற விஷயம்தான். ஆனால் சீலும் ஒழுகி, இன்டர்கூலரிலும் ஒயில் வந்து, டிப் ஸ்டிக்கிலும் அளவு இறங்கினால், மூன்றுக்கும் பொதுவாக ஒரு காரணம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடவேண்டும். உங்களுக்கு ஆலோசனை சொன்ன மூன்று பேரில் ஒருவர்கூட எஞ்சினுக்குள், அதாவது கிராங்க்கேஸுக்குள், எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளந்ததாக நீங்கள் எழுதவில்லை.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே ஒயில் தேங்கும் சம்ப் பக்கம் இறங்கும், புது எஞ்சினிலும் இறங்கும், இதற்குத்தான் பிளோ-பை என்று பெயர். அதில் புகை, எரியாத பெற்றோல் ஆவி, நீராவி எல்லாம் கலந்திருக்கும், கிராங்க் சுற்றும்போது தெறிக்கும் ஒயில் துளிகளும் அதோடு சேர்ந்துகொள்ளும். வெளியேற வழி இல்லையென்றால் அழுத்தம் ஏறி, எந்த இடம் பலவீனமோ அந்த இடத்தால் ஒயிலைத் தள்ளும். பழைய மொறிஸ் மைனரில் ஒரு பைப்பை ரோட்டைப் பார்த்துக் கீழே விட்டிருப்பார்கள், அதால் போகும், கார் நிறுத்தும் இடத்தில் கறுப்புத் திட்டு இருந்தாலும் யாரும் கவலைப்படவில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், முதலில் கலிபோர்னியாவில், இந்தப் புகையைக் காற்றில் விடாமல் திரும்ப எஞ்சினே உறிஞ்சி எரிக்கவேண்டும் என்று வந்தது. அப்படிக் கார்களில் பரவியதுதான் பி.சி.வி. வால்வு, அந்த வாயுவை எஞ்சினுக்குத் திருப்பும் ஒருவழி வால்வு.

டர்போ இல்லாத காரில் இது சுலபமான வேலை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மனிபோல்டில் பெரும்பாலும் வெக்யூம் இருக்கும், அது கிராங்க்கேஸ் வாயுவை இழுத்துக்கொள்ளும், முடிந்தது. டர்போ காரில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அதே மனிபோல்டில் வெக்யூம் போய் அழுத்தம் வந்துவிடும், பிளோ-பை மிக அதிகமாக இறங்குவதும் சரியாக அந்த நேரத்தில்தான். அதனால் இரண்டு வழி வைத்திருப்பார்கள். ஐடிலிலும் நிதானமாக ஓடும்போதும் பி.சி.வி. வால்வு வழியாக மனிபோல்டுக்குப் போகும். பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கும் காற்றின் அழுத்தம், வந்ததும் அந்த வால்வு மூடிக்கொள்ளவேண்டும், வாயு மற்ற ஹோஸால், ஏயர் பில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் உள்ள குழாய்க்குப் போகும். உங்கள் பாஸ் கழற்றச் சொன்ன ஹோஸ் அநேகமாக இதுதான்.

பூஸ்ட் நேரத்தில் அந்த வால்வு மூடாமல் திறந்தபடி நின்றால் என்ன ஆகும்? டர்போ அமுக்கிய காற்று மனிபோல்டில் இருந்து நேரே கிராங்க்கேஸுக்குள் போகும். ரிங்கைத் தாண்டி வரும் வாயு போதாதென்று டர்போவும் சேர்ந்து சம்பை ஊதும். அப்போது டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்பும், டெப்பட் கவர் ஓரம் நனையும், கிராங்க் சீல் ஒழுகும். நீங்கள் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும்.

இனி டர்போ. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் காசு வீணாகப் போகிற இடம் இதுதான். டர்போ ஷாஃப்டுக்கு இருப்பது கிராங்க் சீல் மாதிரி றப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் போல சின்ன இரும்பு வளையம். அது ஒயிலை இறுக்கிப் பிடித்து வைக்காது. ஒயில் பம்ப் மேலே அழுத்தத்தோடு ஒயிலைக் கொடுக்கும், பேரிங்கை நனைத்தபின் அது கீழே உள்ள தடித்த குழாயால் தன் பாரத்திலேயே வடிந்து சம்புக்குப் போகும். அந்தத் திரும்பும் குழாயில் பம்ப் எதுவும் கிடையாது. சம்புக்குள் அழுத்தம் ஏறிவிட்டால் வடிகிற ஒயில் வடியாமல் டர்போவுக்குள்ளேயே நிரம்பும், பிறகு அந்த வளையங்களைத் தாண்டி ஒரு பக்கம் இன்டர்கூலர் ஹோஸுக்கும் மறுபக்கம் சைலன்சருக்கும் போகும். சைலன்சர் பக்கம் போனது நீலப் புகையாகத் தெரியும். பார்க்கிறவர் டர்போ சீல் அடித்துவிட்டது என்று சொல்வார், அவர் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரியும், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நிலையில் பெட்டி உடைக்காத புது டர்போவைப் போட்டாலும் அதுவும் ஒழுகும். டர்போ மாற்றிச் சில வாரத்தில் திரும்பவும் ஒயில் வருகிறது, கடைக்காரர் பழுதானதைத் தந்துவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். பழுது அந்தப் பெட்டிக்குள் இருந்ததில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் வீட்டிலேயே செய்யக்கூடியது. காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டு, ஒயில் அளவைப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் கிராங்க் ஒயிலில் அடித்து நுரைக்கும், அந்த நுரை எல்லா ஹோஸாலும் போகும். குறைகிறதே என்று பயந்து கூடுதலாக ஊற்றிவைக்கிறவர்கள் நிறையப் பேர், நீங்களும் அப்படிச் செய்திருந்தால் முதலில் அதை இறக்குங்கள். பிறகு ஏயர் பில்டர். நிலாவெளிப் பக்கம் மணலிலும் புழுதியிலும் ஓடுகிற கார் என்றால் சேர்விஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீற்றர் வரை காத்திருக்கவேண்டாம். பில்டர் அடைத்தால் டர்போ வாயில் இழுவை கூடி, கிராங்க்கேஸ் ஒயிலை அந்த ஹோஸால் அளவுக்கு மீறி உறிஞ்சும். ஒரு பில்டரின் விலையில் முடியக்கூடிய வேலையும் சில நேரம் இருக்கிறது.

இரண்டும் சரியென்றால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சூடாகி ஐடிலுக்கு வந்தபின் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். தளர்வான சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய பொலித்தீன் தாள் ஒன்றை அந்தத் துளையின் மேல் வையுங்கள். நல்ல எஞ்சினில் தாள் மெதுவாக உள்ளே குழிந்து ஒட்டிக்கொள்ளும். மேலே உப்பித் துடித்தாலோ தள்ளப்பட்டாலோ உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. மூடியைக் கையால் கழற்றவே முடியாமல் உள்ளிழுத்துப் பிடிக்கும், கழற்றினால் உஸ் என்று காற்று இழுத்து எஞ்சின் தடுமாறும், சில கார்களில் ஐடிலில் விசில் சத்தமும் வரும். வால்வுக்குள் இருக்கும் றப்பர் டயபிரம் கிழிந்துவிட்டால் அப்படி நடக்கும், ஸ்கேன் பண்ணினால் பி0171 என்று எரிபொருள் மெலிவுக் கோட் வரும். மூடியைத் திறக்கும்போது ஐடில் கொஞ்சம் மாறுவது பல கார்களில் இயல்பு, அதை மட்டும் வைத்துப் பயப்படவேண்டாம்.

ஆனால் ஐடிலில் தாள் உள்ளே போகிறது, எல்லாம் சரி என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பிரச்சினை கொழும்பு ஓட்டத்தில்தான் வரக்கூடும். ஹபறணைப் பக்கம் லொறியை முந்த மிதிக்கிறீர்களே, அந்த நேரத்தில் உள்ளே என்ன அழுத்தம் என்பதுதான் கேள்வி. அதற்கு வால்வைக் கழற்றிப் பார்க்கவேண்டும். தனியாகக் கழற்றக்கூடிய வால்வு என்றால், சுத்தமான ஹோஸ் துண்டு ஒன்றை மாட்டி ஊதிப் பாருங்கள். எஞ்சின் பக்கமிருந்து மனிபோல்ட் பக்கம் காற்றுப் போகவேண்டும், மனிபோல்ட் பக்கமிருந்து ஊதினால் போகவே கூடாது. ஊத மட்டும்தான், வாயால் உறிஞ்சிப் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பது நல்ல சாமான் இல்லை. குலுக்கினால் டக் டக் என்று சத்தம் வந்தால் நல்ல வால்வு என்பார்கள். டர்போ காருக்கு அந்தச் சோதனை போதாது, சத்தமும் வரும், திருப்பி ஊதினால் காற்றும் போகும், அப்படி எத்தனையோ வால்வு பார்த்திருக்கிறோம். சில மாடல்களில் வால்வு டெப்பட் கவரோடு சேர்ந்தே வரும், அப்போது கராஜில் ஸ்மோக் மெஷினை மனிபோல்டில் போட்டு, டிப் ஸ்டிக் குழாயால் புகை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையான எண் வேண்டுமென்றால் டிப் ஸ்டிக்கை எடுத்துவிட்டு அந்தக் குழாயில் ஒரு ஹோஸை இறுக்கமாக மாட்டி, அழுத்தம் வெக்யூம் இரண்டையும் காட்டும் குறைந்த அளவு கேஜ் ஒன்றைப் போடவேண்டும். கேஜ் இல்லாவிட்டால் மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிவான குழாயை யூ வடிவில் வளைத்துத் தண்ணீர் விட்டாலே போதும், ஒரு சென்ரிமீற்றர் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு மில்லிபார், 70 சென்ரிமீற்றர் என்றால் ஒரு பி.எஸ்.ஐ. மூடியை இழுத்துப் பிடிக்கும் காரில் மட்டும் இந்தத் தண்ணீர்க் குழாயைப் போடவேண்டாம், டயபிரம் கிழிந்திருந்தால் மனிபோல்ட் வெக்யூம் முழுவதும் அங்கே வந்து தண்ணீரை எஞ்சினுக்குள் உறிஞ்சிவிடும். ஐடிலில் சிறிய வெக்யூம் காட்டவேண்டும், எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் வேறு, மனுவலில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஓட்டத்தில் பார்ப்பதற்குத் தண்ணீர் சரிவராது, கேஜைத்தான் ஹோஸோடு உள்ளே எடுத்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு கந்தளாய் ரோட்டில் ஒரு ஓட்டம் போங்கள். ஹோஸ் எக்சோஸ்டில் படக்கூடாது. நன்றாக மிதிக்கும்போதும் முள் பூச்சியத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கவேண்டும். பூஸ்ட் ஏற ஏற முள்ளும் சேர்ந்து ஏறினால் ஆள் பிடிபட்டுவிட்டார்.

அப்படி ஏறி, வால்வும் நல்லது, ஹோஸிலும் அடைப்பில்லை என்றால்தான் ரிங் பக்கம் போகவேண்டும். கம்ப்ரெஷன் மட்டும் பார்க்காமல் லீக்டவுன் செய்யச் சொல்லுங்கள். பிஸ்டனை மேலே நிறுத்தி சிலிண்டருக்குள் காற்றைக் கொடுத்துவிட்டு, ஒயில் மூடித் துளையில் காதை வைத்தால், ரிங் போன சிலிண்டரில் அந்த இரைச்சல் அங்கே தெளிவாகக் கேட்கும். மற்ற இரண்டு சிலிண்டரோடு ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது. உங்கள் காருக்கு அந்த நிலை வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். 2018ஆம் ஆண்டு றப்பர் இந்தச் சூட்டில் இவ்வளவு காலம் இருந்ததே பெரிய விஷயம். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரி வரை தனியார் கார் பெரும்பாலும் வராததால் இங்கே ஓடுகிற சின்ன டர்போ கார்களில் பல உங்களுடையதைப் போல வயதானவை, வால்வும் ஹோஸும் கல்லாகிப்போய் இருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் மலிவாகக் கிடைக்கும், டெப்பட் கவர், பம்ப் எல்லாம் எடுக்கலாம், ஆனால் பி.சி.வி. வால்வையும் அதன் ஹோஸையும் புதிதாகவே எடுங்கள். பழையதை எடுத்தால் இதே வயது றப்பரைத்தான் திரும்பப் போடுகிறீர்கள்.

ஹோஸைக் கழற்றி வெளியே விடச் சொன்ன பாஸின் யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இன்டர்கூலரில் ஒயில் குறையும், அது உண்மை. ஆனால் பூஸ்டை உள்ளே விடுகிற வால்வு அப்படியே இருக்கும். உங்கள் காரில் காற்றை அளக்கும் சென்சர் பில்டருக்குப் பக்கத்தில் இருந்தால் கணக்கும் பிழைக்கும், ஐடிலில் அந்தச் சின்ன பில்டர் வழியாக அளக்காத காற்று உள்ளே போகும். எஞ்சினுக்குள் சுத்தமான காற்று ஓடி ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் ஒழுங்கும் கெட்டுப்போகும். அப்புறம் மணம். ஏ.சி. வெளிக்காற்றை எடுக்கும் இடம் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது, பிள்ளைகளோடு கொழும்பு வரை அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டு போகவேண்டும். யாராவது பில்டர்கூட இல்லாமல் முழுதாக அடைத்துவிடுவோம் என்றால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மூடியை இறுக்கிக் கட்டிய சோற்றுப்பானையை அடுப்பில் வைக்கிற வேலை அது.

கெச் கான் நல்ல சாமான், ஆனால் மருந்து இல்லை. உங்களுடையது டிரெக்ட் இன்ஜெக்ஷன், பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் போகிறது, இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ ஒன்றும் இல்லை, அதனால் இந்த ஒயில் ஆவி அங்கே கரியாகப் படியும். அந்த வகையில் கான் உதவும். இன்னொரு நன்மை, குறைந்த ஆர்.பி.எம்.மில் பாரமாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் வந்துசேரும் ஒயில் துளி நேரத்துக்கு முன்னமே தீப்பற்றி பிஸ்டனையே உடைக்கக்கூடும், சின்ன டர்போ எஞ்சின்களுக்கு இது தெரிந்த வியாதி. 2020இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தர ஒயிலில் இதற்கென்றே சோதனை வைத்திருக்கிறார்கள், உங்கள் மனுவல் சொல்லும் தடிப்பில் அந்தத் தரத்தைப் பார்த்து வாங்குங்கள், போத்தலின் பின்பக்கம் போட்டிருக்கும். பெற்றோலும் 92ஆ 95ஆ என்று மனுவலில் இருப்பதையே ஊற்றுங்கள்.

கான் வாங்கினால் திறந்து பார்த்து வாங்குங்கள். உள்ளே தடுப்புத் தகடோ வலையோ இல்லாமல் வெறும் டப்பாவாக இருந்தால் ஆவி ஒரு வாயால் வந்து மற்ற வாயால் போய்விடும், படத்துக்குத்தான் நன்றாக இருக்கும். அதன் குழாய் வாய் கம்பனி ஹோஸைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது. ஹோஸ் ஒயில் தாங்குவதாக இருக்கவேண்டும், தண்ணீர் ஹோஸ் சூட்டில் ஊதிப்போய் வெக்யூமில் சப்பிவிடும், சப்பினால் வழி அடைபட்டு நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் அதே பிரச்சினை திரும்ப வரும். டர்போவுக்கும் எக்சோஸ்டுக்கும் தூரமாகப் பூட்டுங்கள். வெளியேறும் ஹோஸ் திரும்ப இன்டேக்குக்கே போகட்டும், காற்றில் விடவேண்டாம். சேரும் கழிவைத் திரும்ப எஞ்சினில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அது ஒயில் இல்லை, பாதி தண்ணீரும் பெற்றோலும். வடிகானிலும் கடலிலும் ஊற்றாமல் பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள். டவுனுக்குள் சின்ன ஓட்டம் ஓடும் காரில், முக்கியமாக மாரி மாதங்களில், கான் எதிர்பார்த்ததைவிட வேகமாக நிரம்பும், நிரம்பியபின் அப்படியே விட்டால் மொத்தமாக ஒரே மூச்சில் எஞ்சினுக்குள் போய்விடும்.

மாரியில் ஒயில் மூடிக்கு அடியில் பால் போல ஒரு நுரை படிவதைப் பார்த்து இன்னும் பயப்படுவீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். டிப் ஸ்டிக்கில் ஒயில் தெளிவாக இருந்து, கூலன்ட் குறையாவிட்டால், அது எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராத சின்ன ஓட்டங்களின் ஈரம், கொழும்பு ஒரு தடவை போய்வந்தால் போய்விடும். கூலன்டும் குறைந்தால் ஹெட் காஸ்கெட்டைப் பாருங்கள்.

டர்போவை முழுதாக விடுவித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். வால்வைக் கழற்றுகிற அன்றே இன்டேக் ஹோஸையும் கழற்றி, எஞ்சின் ஆறியபின், ஷாஃப்ட் நட்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு, முன்னும் பின்னும் இழுத்தால் கையில் ஆட்டமே தெரியக்கூடாது, சக்கரத்தின் இதழ் சுவரில் உரசிய தடம் இருக்கக்கூடாது. உரசியிருந்தால் டர்போ உண்மையிலேயே போய்விட்டது, அப்போதும் வால்வை முதலில் மாற்றிவிட்டுத்தான் டர்போவைப் போடவேண்டும். திரும்பும் ஒயில் குழாயையும் கழற்றி உள்ளே கரி அடைத்திருக்கிறதா பாருங்கள். ஹோஸின் உள்ளே விரலை விட்டால் மெல்லியதாக ஒட்டுகிற ஒயில் எந்த டர்போ காரிலும் இருக்கும், அதற்கு ஒன்றும் செய்யவேண்டாம். சாய்த்தால் கரண்டிக் கணக்கில் ஊற்றுகிற ஒயில்தான் பிரச்சினை.

வால்வு மாற்றியபின் பின்பக்கச் சீலை உடனே மாற்ற அவசரப்படவேண்டாம், உள்ளே அழுத்தம் இல்லாதபோது அது ஈரத்தோடு நின்றுவிடவும் கூடும், கியர்பொக்ஸ் இறக்கும் கூலி மிச்சம். ஆனால் இன்டர்கூலரைக் கட்டாயம் கழற்றி, தேங்கியிருக்கும் ஒயிலை வடித்துக் கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய ஒயிலே கொஞ்ச நாளைக்குப் புகைந்து, செய்த வேலை சரிவரவில்லை என்று உங்களை ஏமாற்றும். பிறகு மேல் கோட்டுக்குச் சரியாக ஒயில் விட்டு, ஆயிரம் கிலோமீற்றர், அதாவது கொழும்பு போய்வந்தால் அரைவாசிக்கு மேல் முடிந்துவிடும், ஓடிவிட்டு அதே சமதரையில் நிறுத்தி அளவைப் பார்த்து எழுதுங்கள். கேஜில் வந்த எண்ணையும் சேர்த்து எழுதினால் அடுத்தது என்ன என்று சொல்ல எனக்குச் சுலபம்.